திருவனந்தபுரத்துக்கு எத்தனை மார்க்?

கோயம்புத்தூரில் தண்ணீர் நன்றாக இருக்கும், பாண்டிச்சேரியில் ரொட்டி நன்றாக இருக்கும், திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரி நன்றாக இருக்கும். சிங்கப்பூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மிச்சக் காலத்தை இந்தியாவில் கழிக்க நினைக்கும் தமிழர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அந்தக் குழு மாதக்கணக்கில் விவாதித்துக் கண்டடைந்த உண்மைகள் இவை. நல்ல தண்ணீர் இருக்கும் ஊரில் வீடெடுத்து, ரொட்டியை வரவழைத்து, நோய் வந்தால் மட்டும் ரயிலேறலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். விளையாட்டுப் பேச்சு வேண்டாம் என்று குழுவின் நிர்வாகி அவரைக் கண்டித்தார். நிர்வாகி என் அப்பா.

அப்பா கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆகவே திரும்பிப் போவதற்கு எங்களுக்கென்று ஊர் கிடையாது. தேர்ந்தெடுப்பதற்கு ஒரு நாடே இருந்தது. நான் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எனக்கு நெதர்லாந்துக்கு மாற்றல் வந்திருந்தது. நான் போவதற்குள் அப்பாவும் அம்மாவும் எங்கே இருக்கப்போகிறார்கள் என்பது முடிவாக வேண்டும்.

முடிவுக்கு ஒரே ஒரு தடை இருந்தது. அம்மா எதற்கும் பதில் சொல்வதில்லை. இந்தியாவுக்குப் போகலாமா என்றால் "உங்க இஷ்டம்". இங்கேயே இருக்கலாமா என்றால் "உங்க இஷ்டம்". பள்ளிக்கூட கேண்டீனில் பல வருடங்கள் கடை நடத்தியவர். கடையை விட்ட பிறகு பதினான்காவது மாடியில் உட்கார்ந்து, மரியாதையான அண்டைவீட்டாரைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துக்கொண்டிருந்தார். அம்மா வேண்டாம் என்றால் வீட்டை விற்கப்போவதில்லை. சரி என்றால் விற்கப்போகிறோம். விற்ற வீட்டைத் திரும்ப வாங்க முடியாது. இரண்டில் ஒன்றை அம்மா வாயால் சொல்ல வைப்பதற்குத்தான் இந்தப் பயணம். ஊர் பார்ப்பதெல்லாம் அதற்கு ஒரு சாக்கு.

மார்க் போடும் அட்டவணையைத் தயாரித்தது நான். மருத்துவம், நடைபாதை, மின்வெட்டு, இணைய வேகம், விமான நிலையம், மொழி, கொசு என்று தலைப்புகள். நடைபாதைக்கு அப்பா மருத்துவத்துக்குச் சமமான மதிப்பு கேட்டார். தடுக்கி விழுந்தால்தானே ஆஸ்பத்திரி தேவைப்படுகிறது என்பது அவர் வாதம். முதல் ஊர் திருவனந்தபுரம். அடுத்தது கோயம்புத்தூர்.

முதல் நாள் ரயில் நிலையத்தை ஒட்டிய தம்பானூரில் ஒரு ஹோட்டலில் சாப்பிட உட்கார்ந்ததும் இளஞ்சிவப்பு நிறத்தில் வெந்நீர் வைத்தார்கள். அப்பா அதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். இது பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர், வயிற்றுக்கு நல்லது என்று பரிமாறுகிறவர் தமிழிலேயே சொன்னார். அவருக்கு ஊர் தென்காசிப் பக்கமாம். அப்பா மூன்று கேள்விகள் கேட்டு, மூன்றுக்கும் பதில் வந்த பிறகும் கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கினார். அம்மா சிவப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். "நல்லா இருக்கா?" என்றேன். "தண்ணிதானே" என்றார். போளியின் மேல் பால்பாயசத்தை ஊற்றித் தின்பது இந்த ஊர் வழக்கம் என்று கேள்விப்பட்டு அதையும் வாங்கினோம். நானும் அப்பாவும் பேச்சு மறந்து தின்றோம். அம்மா அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இலையில் எதுவும் மிச்சமில்லை.

இரண்டாம் நாள் ஆட்டோவில் 'சாலை' என்றே பெயர்கொண்ட கடைத்தெருவுக்குக் கிளம்பினோம். பழவங்காடி பிள்ளையார் கோயிலருகே ஓட்டுநர் எங்களைக் கேட்காமலே வண்டியை ஓரம் கட்டினார். புது டயர் மாட்டியிருக்கிறாராம். இறங்கிப்போய் ஒரு தேங்காயை ஓங்கி உடைத்துவிட்டு வந்தார். அங்கே அவரைப்போல இன்னும் பலர் வரிசையில் நின்று உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சில்லு தெறித்து அப்பாவின் காலடியில் விழுந்தது. "கண்ணுக்குக் கண்ணாடிகூடப் போடாம உடைக்கிறாங்க" என்றார் அப்பா. நடைபாதைக்கான கட்டத்தில் ஒரு மார்க் குறைந்தது.

சாலைக் கடைத்தெருவில் ஒரு சாயாக்கடையில் கட்டிட வேலைக்கு வந்த இரண்டு பேர் எங்கள் பக்கத்தில் நின்று குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொன்னார், "கொச்சில கூலி கூட. ஆனா ரூம்ல பத்து பேரு. கோழிக்கோட்டுல சாப்பாடு எனக்கு ஒக்கும். இங்கன்னா சனிக்கிழம பஸ் ஏறி ஊருக்குப் போயிரலாம்லா." மற்றவர், "அதுக்குத் திருப்பூர் தேவல. மேஸ்திரி ஏசுனாலும் தமிழ்ல ஏசுவான்" என்றார். எங்கள் குழுவில் நடக்கும் அதே விவாதம்தான். நிர்வாகி இல்லாததால் சீக்கிரம் முடிந்தது. அப்பா உற்சாகமாகிக் குறுக்கே புகுந்து, இங்கே மருத்துவ வசதி எப்படி என்று கேட்டார். இருவரும் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். "சார், ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா லீவு போடணும்லா" என்றார் திருப்பூர்க் கட்சிக்காரர்.

வீடு காட்டுவதற்கு பிஜு என்கிற புரோக்கர் வந்தார். கார் அவருடையது, ஓட்டுவதும் அவர்தான். மலையாளி. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வரும் வியாபாரிகளோடு பழகிப் பழகி ஒருவகைத் தமிழ் வைத்திருந்தார். அவர் காட்டிய வீடுகளுக்கெல்லாம் ஒரு பொதுத்தன்மை இருந்தது. உரிமையாளர் எவரும் இந்தியாவில் இல்லை. ஒரு வீட்டுக்காரர் கனடாவில், ஒருவர் துபாயில், ஒருவர் அயர்லாந்தில். ஆளில்லாத கூடங்களில் பட்டம் வாங்கிய பிள்ளைகளின் புகைப்படங்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தன.

மணக்காடு பக்கம் ஒரு சந்தில் இருந்த வீடுதான் எங்களுக்குப் பிடித்தது. ஓட்டுக்கூரை போட்ட மாடி, உள்ளே கிணறு, கேட்டை ஒட்டி ஒரு பெரிய மாமரம். அதன் நிழல் பாதித் தெருவை மூடியிருந்தது. உரிமையாளர் மெல்பர்னிலிருந்து வீடியோ அழைப்பில் வந்து அறை அறையாக விளக்கினார். விளக்கி முடித்ததும் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார், "சிங்கப்பூர்ல கிழக்குப் பக்கம் நல்லதா, மேற்குப் பக்கம் நல்லதா? இங்க குளிர்காலம் வந்தா தாங்கலை. மாறலாம்னு ஒரு யோசனை." அவரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறாராம். இரண்டு மூன்று நாள் தங்கிப் பார்த்துச் சொல்கிறோம் என்றோம். தாராளமாக என்றார்.

எதிர் வீட்டிலிருந்து ஒரு அம்மா தெருவைக் கடந்து வந்தார். சரோஜம். என் அம்மாவின் வயதுதான் இருக்கும். கணவருக்குச் சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை. பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே. நாங்கள் குடிவரப்போகிறோமா என்று விசாரித்தார்.

"பாக்குறோம்" என்றார் அப்பா.

"பாருங்க, பாருங்க. நல்ல வீடுதான். கிணத்துத் தண்ணி லேசா உப்பு கரிக்கும். மச்சுல மரநாய் ஓடும். மழக்காலத்துல பின்பக்கம் செவரு ஊறும். வேற ஒரு சல்லியமும் இல்ல, கேட்டியளா."

எல்லாவற்றையும் நான் குறித்துக்கொண்டேன். பிஜு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சரோஜம் போன பிறகு கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தோம். இனித்தது. ஒரு நல்ல வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தவர் இப்படிப் பேச என்ன காரணம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மூன்றாம் நாள் அப்பா பொன்முடிக்குப் போகலாம் என்றார். பக்கத்திலேயே மலை இருப்பது இந்த ஊருக்குக் கூடுதல் தகுதி என்றும், குடியிருப்பவர்கள் போவதுபோலப் பேருந்தில்தான் போகவேண்டும் என்றும் சொன்னார். கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து திரும்பத் திரும்ப அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். மேலே பனி அழகாக இருந்தது. இறங்குவதற்குப் பேருந்துதான் இல்லை. எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் குடியிருக்கும் ஒரு பெண் நிறுத்தத்தில் காத்திருந்தார். இங்கே வீடெடுத்துத் தங்குவது எப்படி இருக்கும் என்று அப்பா அவரைக் கேட்டார். "எங்க மக்க எல்லாம் எறங்கிப் போறதுக்கு வழி பாக்குது. நீங்க ஏறி வாறிய. பஸ்ஸுதான் ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணுபோல வரமாட்டேங்கு" என்றார். பிஜுவைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் வந்து சேர்வதற்குள் பேருந்து வந்து எங்களைக் கடந்து போய்விட்டது, ஏனென்றால் நாங்கள் அப்போது தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

திரும்பும் வழியில் பிஜு சொன்னார், "சார், நாளை கழிஞ்சா பொங்காலையாக்கும். ஆற்றுக்கால் அம்மைக்கு. அன்னைக்கு வண்டி ஓடாது. எங்கயும் போகண்டா. வீட்ல இருந்தா மதி, அது போதும்." அப்பா என்னிடம், "சாலை மூடல், ஆண்டுக்கு ஒரு நாள்" என்று எழுதச் சொன்னார். எழுதினேன். பெண்கள் தெருவில் பொங்கலிடும் திருவிழா என்பது தெரியும். ஏதோ கோயில் வாசலில் சில நூறு பேர் என்று நினைத்துக்கொண்டோம்.

நான்காம் நாள் காலையில் அப்பா வழக்கம்போல நடக்கப் போனார். நான் பல் துலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் கையுறை மாட்டிக்கொண்டு தெருவில் குனிந்திருந்தார். கையுறையைச் சிங்கப்பூரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார். சந்தின் இரண்டு ஓரங்களிலும், ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும், மூன்று மூன்றாகச் செங்கற்கள் கிடந்தனவாம். ஏதோ கட்டிட வேலைக்காரர்கள் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், கிழவர்கள் தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு என்னாவது என்றார். அத்தனையையும் பொறுக்கி எங்கள் மதிலோரம் இடுப்புயரத்துக்குச் சுவர்போல அடுக்கியிருந்தார். பால்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி மலையாளத்தில் ஏதோ சொன்னாராம். அப்பா குட் மார்னிங் சொல்லி அனுப்பியிருக்கிறார். அடுக்கி முடித்ததும் படமெடுத்துக் குழுவில் போட்டார். கோயம்புத்தூர்க் கட்சிக்காரர்கள்கூடக் கைதட்டினார்கள்.

சில கற்களில் சாக்பீஸால் மலையாள எழுத்துகள் இருந்ததை நான் கவனித்தேன். செங்கல் சூளையின் பெயர் என்று நினைத்துவிட்டேன். நானும் அந்த அப்பாவின் மகள்தான்.

மதியம் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தபோது வெளியே குரல் கேட்டது. கேட்டைத் திறந்தால் முப்பது நாற்பது பெண்கள். கையில் புதுமண்பானை, தென்னம்பாளை, ஓலைக்கட்டு, அரிசிப் பை. நடுவில் சரோஜம். எல்லோரும் அப்பாவின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தக் கல்லு ஆரு அடுக்கினது?" என்றார் சரோஜம்.

"நான்தான்" என்றார் அப்பா. பாராட்டுக்குத் தயாரான குரல்.

"ஆருகிட்டக் கேட்டிய?"

"யாரும் இல்லையே. வழியில கிடந்துச்சு. தடுக்கி விழுந்தா என்ன ஆகிறது?"

"அண்ணாச்சி, அது கிடந்த கல்லு இல்ல. வச்ச கல்லாக்கும்."

பிஜு வந்து விளக்கினார். மூன்று கல் வைத்தால் அது ஓர் அடுப்பு. பொங்காலைக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே இடம் பார்த்துக் கல்லை வைத்துப் பெயரெழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அதை யாரும் தொடமாட்டார்கள். லாரிக்காரன் தொடமாட்டான், போலீஸ் தொடாது. நெடுமங்காட்டிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். யாருடைய கல்லும் நகர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. இந்தச் சந்தில் ஒரு பாதுகாப்பு அதிகாரி குடிவரும் வரைக்கும்.

"நிழல் பாத்து வச்ச இடம். ஓடையில்லாத இடம்" என்றார் சரோஜம். "நாளைக்கு அடுப்பணையுதது வரைக்கும் அது என் வீடாக்கும். என் வீட்டைத் தூக்கி மதில்ல அடுக்கிட்டு போட்டோ வேற எடுத்திருக்கிய."

கிணற்றுத் தண்ணீர் சரோஜத்தின் பேச்சில் மட்டும் கரித்ததன் காரணம் எனக்கு அப்போது விளங்கியது. அந்த வீடு பூட்டிக் கிடந்த வருடங்களில் எல்லாம் மாமர நிழல் சரோஜத்துடையது.

நான் நிதானமாக ஒரு வழி சொன்னேன். அப்பா சந்தின் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்து வரிசையாகத்தான் எடுத்திருப்பார். அப்படியானால் மேலே இருப்பது கடைசியில் எடுத்தது. மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கடைசி முனையிலிருந்து வைத்துக்கொண்டே வந்தால் எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விடும். பெண்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"அடுக்கும்போது பெரிசு கீழ, சின்னது மேலன்னு பிரிச்சுட்டேன்மா. அதுதான் சரியான முறை."

கூட்டத்தில் யாரோ மலையாளத்தில் ஏதோ முணுமுணுத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். என்னவென்று பிஜுவிடம் கேட்டேன். "இவரு வீட்ல அரிசியையும் அளந்து பிரிச்சு வைப்பாரோன்னு கேக்குறாங்க" என்றார்.

சரோஜம் சிரிக்கவில்லை. கதவோரம் நின்ற அம்மாவைப் பார்த்துக் கேட்டார், "இப்படி ஒரு மனுஷனைக் கட்டிக்கிட்டு நீங்க எப்படி மைனி காலந்தள்ளினிய?"

அம்மா படியிறங்கி வந்தார். "அவரை நான் சொல்லிக்குவேன். நீங்க கல்லைப் பத்திப் பேசுங்க."

நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"கல்லைப் பத்தித்தான் பேசுதேன்."

"கல்லுல பேரெழுதத் தெரிஞ்சவங்களுக்கு ரோட்டுலயும் எழுதத் தெரியாதா? எடம் முக்கியம்னா எடத்துலல்ல எழுதணும்."

"மழ பெஞ்சா ரோட்டுல நிக்குமா?"

"கல்லுல மட்டும் நிக்குமா?"

"இத்தன வருஷம் நின்னுது. நீங்க வந்தபொறவுதான் நிக்கல்ல."

"பூட்டின வீட்டு வாசல்ல வச்சுட்டு உங்க எடம்னு சொன்னா எப்படி? மரம் வீட்டுக்காரருது."

"மரம் அவருது. நெழலு ரோட்டுலல்லா விழுது. ரோடு சர்க்காருது."

அம்மா அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். சரோஜம் இடுப்பில் கைவைத்தார். மற்றப் பெண்கள் பானைகளை இறக்கிவைத்துவிட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள். பிஜு சாயா சொல்லி அனுப்பினார். சாயா வருவதற்குள் அவர்களாகவே இடத்தைப் பிரித்துக்கொண்டார்கள். "என் இடப்பக்கம் பாறசாலையிலிருந்து வந்த டீச்சர், அவளுக்கு அந்தப் பக்கம் தாயும் மகளும்" என்று ஒவ்வொருவராகத் தங்கள் பக்கத்துக்காரியைச் சொல்லிக்கொண்டே போனார்கள். இரண்டு இடத்தில் சண்டை வந்தது. இரண்டிலும் சத்தம் பெரிதாக இருந்தவர் வென்றார். நிழலடியில் மட்டும் தகராறு தீரவில்லை.

"நாளைக்கு நீங்களும் பொங்காலை இடுங்க மைனி" என்றார் சரோஜம். "அப்பத் தெரியும் கல்லோட அருமை. கேட்டுக்குள்ள முற்றம் கெடக்கு, அங்க வச்சுக்கிடுங்க."

"உள்ள எதுக்கு? வெளியிலதான் வைப்பேன்" என்றார் அம்மா. "நீங்க கொஞ்சம் தள்ளிக்குங்க."

சாயங்காலம் அம்மா பிஜுவோடு போய்ப் புதுப்பானையும் சிரட்டை அகப்பையும் வாங்கிவந்தார். என்னையும் அப்பாவையும் கூப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் விடிந்தபோது சந்தில் கால்வைக்க இடமில்லை. சந்தில் மட்டுமல்ல, மாடியிலிருந்து பார்த்தால் பெருஞ்சாலை, பாலம், பேருந்து நிறுத்தம் எல்லாம் பெண்கள். வண்டிகளே இல்லாத ஒரு மாநகரத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கோயிலில் பற்றவைத்த தீயை அடுப்பிலிருந்து அடுப்புக்குக் கொடுத்துக்கொண்டே வருகிறார்கள். எங்கள் சந்துக்கு வந்ததும் பாறசாலை டீச்சர் ஓலைத்துண்டில் எடுத்து சரோஜத்துக்குக் கொடுத்தார். சரோஜம் அம்மாவுக்குக் கொடுக்கவேண்டும். கொஞ்சம் தாமதித்துத்தான் கொடுத்தார்.

அன்று எந்த வீட்டுக் கதவையும் சாத்தக்கூடாதாம். முன்பின் தெரியாத பெண்கள் எங்கள் வீட்டுக்குள் பையை வைத்தார்கள், கைபேசிக்கு மின்சாரம் ஏற்றினார்கள், குழந்தைக்கு உடை மாற்றினார்கள். குளியலறைக்கு வரிசை கேட் வரை நின்றது. அப்பாவுக்கு அன்றுதான் இந்தியா பிடித்தது என்று நினைக்கிறேன். அட்டைகளில் அம்புக்குறி வரைந்து ஒட்டினார். ஈரத்தரைக்கு எச்சரிக்கை வைத்தார். உள்ளே போகும் வழி, வெளியே வரும் வழி என்று கயிறு கட்டினார். பெண்கள் கயிற்றுக்குக் கீழே குனிந்து போனார்கள். வரிசையில் இருவர் பேசிக்கொண்டதை மோர் ஊற்றிக்கொண்டிருந்த பிஜு எனக்கு மொழிபெயர்த்தார். "இந்த சார் போலீஸா?" "அல்ல, ஹெட்மாஸ்டர்னு தோணுது. பாவம், ரிட்டயர் ஆனது யாரும் அவருகிட்ட சொல்லல்ல."

வெளியே புகை கண்ணைக் கரித்தது. நான் குடத்தில் தண்ணீர் கொண்டுபோனேன். இரண்டு குரல்கள் புகைக்குள்ளிருந்து கேட்டன.

"வெல்லத்தை இப்பப் போடாதிங்க மைனி. அரிசி வேகல்ல."

"கேண்டீன்ல எத்தனை வருஷம் சமைச்சிருக்கேன் தெரியுமா?"

"அது கேஸு. இது பாளைத் தீயாக்கும்."

"தீ தீதான்."

"அப்ப போடுங்க. போட்டுட்டு அரிசியப் பல்லால வேவிச்சுத் தின்னுங்க."

அம்மா வெல்லத்தைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்தார். ஆனால் சரோஜம் பார்க்காத நேரத்தில் வைத்தார். அம்மாவின் பானைதான் முதலில் பொங்கி வழிந்தது. சுற்றியிருந்தவர்கள் குலவையிட்டார்கள். அம்மா சரோஜத்தைத் திரும்பிப் பார்த்தார். "தண்ணியக் கூட்டி வச்சா ஆருக்கும் பொங்கும்" என்றார் சரோஜம், தன் பானையிலிருந்து கண்ணை எடுக்காமல். அதற்கு அம்மா ஒன்று சொன்னார். அதற்கு அவர் ஒன்று சொன்னார். வயணை இலையில் மாவைப் பொதிந்து அவிக்கும் தெரளி என்கிற பலகாரத்தை அம்மா சரோஜத்திடமே கேட்டுச் செய்தார். செய்துகொண்டே அவர் செய்முறையில் தவறு கண்டுபிடித்தார். அம்மா முகமெல்லாம் கரி. தொண்டை கட்டிவிட்டது. பதினான்காவது மாடியில் ஒரு வருடத்தில் பேசுகிற பேச்சை ஒரு காலையில் பேசியிருப்பார்.

பிற்பகலில் பூசாரி வந்து தீர்த்தம் தெளித்ததும் எல்லாம் சட்டென்று முடிந்தது. பெண்கள் பானைகளைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். கற்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். ஏழைகளுக்கு வீடு கட்ட மாநகராட்சி எடுத்துக்கொள்ளும் என்றார் பிஜு. இப்போது அடுக்கலாமா என்று அப்பா கேட்டார். இப்போது அடுக்கலாம் என்று அனுமதி கிடைத்தது.

அம்மா ஒரு கிண்ணத்தில் தன் பாயசத்தை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனார். சரோஜம் கேட்டில் நின்றபடியே ஒரு கரண்டி வாயில் போட்டு, நாக்கைச் சுழற்றி, அவசரமில்லாமல் விழுங்கினார்.

"ருசியுண்டு. ஆனா இதைப் பாயசம்னு வெளிய சொல்லிராதிங்க மைனி. கேண்டீன் கேசரியாக்கும்" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.



மறுநாள் காலை கோயம்புத்தூர் ரயில். பிஜு காரோடு வந்துவிட்டார். பெட்டிகளை ஏற்றியாகிவிட்டது. நான் பின்னிருக்கையில் மடிக்கணினியைத் திறந்து கூட்டிப் பார்த்தேன். இன்னும் பார்க்காத கோயம்புத்தூர், பார்த்த திருவனந்தபுரத்தைவிட நாலு மார்க் முன்னால் இருந்தது. குழுவின் பரிந்துரைகளை அப்படியே சேர்த்திருந்ததன் விளைவு. அப்பா முன்னிருக்கையில் அமர்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். வீட்டுக்காரரிடம் இன்று பதில் சொல்லவேண்டும், இல்லையென்றால் வேறு ஆளுக்குக் காட்டிவிடுவார் என்றார் பிஜு.

"வேண்டாம்னு சொல்லிரலாமா?" என்று அப்பா பின்னால் திரும்பி அம்மாவைக் கேட்டார். கேட்டுவிட்டு, வரப்போகும் பதில் தெரிந்தவர்போல முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கோயம்புத்தூர் வேண்டாம்" என்றார் அம்மா.

பிஜு சாவியைத் திருகப்போனவர் நிறுத்தினார்.

"ஏம்மா?" என்றேன்.

"அந்தம்மா நேத்து ஒண்ணு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டா. நான் இன்னும் பதில் சொல்லலை."

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, போய்ச் சொல்லிட்டு வா. ரயிலுக்கு நேரம் இருக்கு. நாங்க இப்படியே இருக்கோம்."

அம்மா எதிர் வீட்டு கேட்டைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும், இதைக்கூடவா சொல்லித்தர வேண்டும் என்பதுபோலப் பார்த்தார்.

"ஒரு நாள்ல சொல்லி முடிக்கிற பதிலா அது?"

அப்பா பெல்ட்டைக் கழற்றினார்.